சின்னவள் சொல்ல மறுத்த உறுதிமொழி

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை எழுதுகிறேன். நாங்கள் இருவரும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை, இருக்கிறோம். அங்கே அண்ணியும் பிள்ளைகளும் நலம்தானே? ரத்த அழுத்த மாத்திரையை விடாமல் போடுங்கள். தம்பி போன பிறகு எனக்கென்று மிஞ்சியிருக்கும் உடன்பிறப்பு நீங்கள் ஒருவர்தான்.

உங்கள் கடிதம் வந்தது. தம்பி மனைவி சின்னவளிடம் அதை மறைக்கத்தான் பார்த்தேன். ஆனால் என் முகம்தான் எதையும் ஒளிக்காதே. கேட்டாள், கொடுத்துவிட்டேன். படித்து மடித்துத் தந்தாள். பிறகு கொடியில் காய்ந்த துணிகளில் தன்னுடையதை மட்டும் எடுத்துப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்தாள். ஞாயிற்றுக்கிழமை தன் அம்மா வீட்டுக்குப் போகிறாளாம்.

உங்களுக்கு யார் என்ன ஓதினார்களோ தெரியாது. பக்கத்தில் இருந்தவள் நான், சொல்கிறேன். துக்க காலத்தில் மனைவி வாசல் தாண்டக் கூடாது என்பது நம் முறை. சின்னவள் வேறு மதத்தில் பிறந்தவள், இன்றும் அதிலேயே இருப்பவள். இருந்தும் நீங்கள் போனில் சொன்னதும் சரி என்றாள். பல் செட் செய்யும் கூடத்தில் அவள் வேலை அப்படியே குவிந்து கிடந்தது. பல் செட்டுக்குக் காத்திருந்த ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் வாயைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு நம் வாசலுக்கே வந்துவிட்டார். எல்லாவற்றையும் கரைத்துக் குடித்தே நாக்கு செத்துப்போச்சு என்று என்னிடம் முறையிட்டார். சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. அப்போதும் அவள் வெளியே வரவில்லை.

துக்க காலத்தின் கடைசி நாளில் நம் வழிபாட்டுக் கூடத்துப் பெரியவர் வந்தார். இந்த முறையை மனதார நம்பிக் காத்தேன் என்று நம் கடவுள் பெயரில் உறுதிமொழி சொல்லச் சொன்னார். அவள் குரலை உயர்த்தவே இல்லை.

"அவருக்காகத்தான் உள்ளேயே இருந்தேன், அது நிஜம். நம்பி இருந்தேன்னு உங்க சாமிகிட்ட என்னால பொய் சொல்ல முடியாது."

இவ்வளவுதான் நடந்தது. இதற்குத்தான் உறுதிமொழி சொன்னால் அந்த வீட்டில் இடம், இல்லாவிட்டால் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்பாவின் வீடு உங்கள் பெயரில் இருக்கிறது, மறுக்கவில்லை. சின்ன வயதில் கேரம் போர்டு உங்களுடையது என்பதால் ஆட்டத்தின் விதியும் நீங்கள் சொல்வதாகவே இருக்கும். அது ஆட்டம், போனால் போகிறது என்று விட்டோம்.

நானும் நம் முறையை விட்டவள் இல்லை, அண்ணா. ஒரு வேளைப் பிரார்த்தனை தவறியதில்லை. அதனால்தான் கேட்கிறேன். நம்பாத வாயில் நம் உறுதிமொழியைத் திணித்து யாருக்கு என்ன புண்ணியம்? எனக்குக் கோபம்தான். அவள் போய்விட்டால் இந்த வீட்டில் நான் யாரிடம் பேசுவேன் என்ற பயமும் இருக்கிறது. தம்பியைப் பற்றிப் பேச எனக்கு அவளை விட்டால் ஆள் இல்லை.

நேற்று பெட்டி கட்ட உதவுவதற்கு அவள் அம்மா வந்திருந்தார். நான் கடைக்குக் கிளம்பிச் செருப்பை மாட்டியபோது என் காலையே பார்த்தார். என்னம்மா என்று கேட்டேன். முதலில் மழுப்பினார், பிறகு சொன்னார். அவர்கள் மதத்தில், ஒருவர் இறந்தால் கூடப்பிறந்தவர்கள் ஒரு வருஷம் செருப்பில்லாமல் தெருவில் நடக்க வேண்டுமாம். மீறினால் இறந்தவரை அவமதித்ததாக அர்த்தமாம்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை நாளும் நான் செருப்போடு போனதை அவள் பார்த்துக்கொண்டுதானே இருந்தாள். ஏன் சொல்லவில்லை என்று சின்னவளிடம் கேட்டேன்.

"அது எங்க முறை அண்ணி. உங்களை எப்படிக் கட்டும்?"

செருப்பைப் போட்டுக்கொண்டுதான் கடைக்குப் போனேன். கழற்றினால் அவளே திட்டியிருப்பாள். ஆனால் வழி முழுக்கக் கால் கூசியது.

ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு நடை வந்துவிடுங்கள். பெட்டியை உள்ளே வை என்று உங்கள் வாயால் சொல்லுங்கள், நான் சொன்னால் நிற்க மாட்டாள். தம்பி போனதிலிருந்து நீங்களும் செருப்போடுதான் நடந்திருப்பீர்கள். அப்படியே வாருங்கள், அண்ணா. அவள் ஒரு வார்த்தை கேட்க மாட்டாள். நீங்களும் அவளை ஒன்றும் கேட்காதீர்கள்.

உங்கள் வரவைப் பார்த்திருக்கும்,
தங்கை