நாலு நாள் வருஷம்

இந்தத் தாளை வெயிலில் காயவைத்தும் ஈர வாடை போகவில்லை, பாய். போன மாத மழையில் வேளச்சேரி வீட்டுக்குள் தண்ணீர் வந்து, அலமாரியின் அடித்தட்டைக் காலி செய்தபோது கிடைத்தது. நம் வார இதழின் ப்ரூஃப் தாள். ஓரத்தில், பிழை திருத்துபவரான உங்கள் சிவப்பு மை.

தொண்ணூற்றைந்தில் வந்த செய்தி அது. நம் சூரியனைப் போன்ற வேறொரு விண்மீனைச் சுற்றும் கோள் ஒன்றை முதல்முறையாகக் கண்டுபிடித்திருந்தார்கள். ஐம்பது ஒளியாண்டு தூரம். வியாழனில் பாதி எடை, ஆயிரம் டிகிரி சூடு. தன் சூரியனைச் சுற்றிவர அதற்கு நாலே கால் நாள்தான். தி. நகர் ஆபீஸ் மாடியில் என் மொழிபெயர்ப்பை ஆங்கிலத்தோடு ஒப்பிட்டுப் படித்த நீங்கள், வேலையை மறந்து அந்தக் கோளிலேயே குடியேறிவிட்டீர்கள்.

“நாலு நாளுக்கு ஒரு பெருநாளு சார். டைலருக்குத்தான் கொண்டாட்டம்” என்றீர்கள். ஒரு பக்கம் எப்போதும் பகலாகவே இருக்கலாம் என்று நான் சொன்னதும் உங்கள் முகம் வாடிவிட்டது. “அப்ப நோம்பு எப்ப சார் தொறக்கறது? சூரியன் எறங்காத ஊர்ல இன்னா பண்ணுவான் மனுசன்?”

நீங்கள் வீட்டுக்குப் போன பிறகு, எனக்குள் இருந்த பி.எஸ்சி. பௌதிகம் விழித்துக்கொண்டது. வியாழனுக்கே சூரியனைச் சுற்றப் பன்னிரண்டு ஆண்டு. அப்பேர்ப்பட்ட கோள் நாலு நாளிலா? ஆங்கிலச் செய்தியிலேயே பிழை என்று முடிவுகட்டி, நீங்கள் டிக் போட்டிருந்த ‘நாள்’ என்பதை அடித்து ‘ஆண்டு’ என்று எழுதினேன். யாரையும் கேட்கவில்லை.

இதழ் வந்த வாரமே, ‘ஆண்டு இல்லை, நாள்’ என்று வாசகர் கடிதங்கள் குவிந்தன. ஆசிரியர் நம் இருவரையும் கூப்பிட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் முந்திக்கொண்டீர்கள். “என் கண்ணு ஏமாத்திருச்சு சார். கம்போசிங்ல மாத்தி அடிச்சத பாக்காம உட்டுட்டேன்.” நீங்கள் எனக்காகப் பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நம்பினீர்கள். நான் பக்கத்தில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் முதல் அறிவியல் பக்கம் உங்களுக்கு இல்லை. மணமகன் தேவை விளம்பரங்களைத் திருத்தக் கொடுத்தார்கள். நான் ப்ரூஃப் தாளை வீட்டுக்குக் கொண்டுபோய் அலமாரியில் திணித்தேன். உங்களிடம் சொல்லப் பலமுறை துடித்தேன் என்று எழுத ஆசைதான். துடிக்கவில்லை, பாய். தப்பித்தோம் என்றுதான் நினைத்தேன்.

தாள் கிடைத்த வாரம், அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ராயப்பேட்டைக்கு வந்தேன். நீங்கள் மறைந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. துக்கம் கேட்கக்கூட அதுவரை வரவில்லை. உங்கள் மனைவி டீ கொடுத்தார்.

“உங்கள பத்தி நல்லதா சொல்வாரு சார். இத்தினி வருஷத்துல ஒரே ஒரு தப்பு உட்டேன்னு கடைசி வரைக்கும் சொல்லிக்கினே இருந்தாரு. ஏதோ நாலு நாளாமே, அது இன்னா சார்?”

“அது ஒண்ணும் பெரிசில்லம்மா” என்றேன். கை சட்டைப்பையின் மேல்தான் இருந்தது. டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

தப்பு உங்களுடையது இல்லை, பாய். இதை உங்கள் மனைவியிடம் சொல்லத் துணிவில்லாமல், இனிப் படிக்க முடியாத உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.