பல்லேகலைக்கு எடுத்த கோல்

கொழும்பு,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள அம்மாவுக்கு,

மாதா புண்ணியத்துல நல்லா இருக்கேன். உங்க முழங்கால் வலி எப்படி? ஃபோன்ல பேசாம கடிதம் எழுதுறானேன்னு பயப்படாதீங்க.

என் வேலை தெரியுந்தானே. கம்பெனிகளுக்கு ஃபோன்ல கோல் எடுத்து, வர்ற மூணு மாசத்துல ஆள் எடுப்பீங்களா, குறைப்பீங்களான்னு கேக்கிறது. அதை வச்சுத்தான் நாட்டுல வேலை கூடுமா குறையுமான்னு முன்கூட்டியே சொல்றாங்க. நேத்து, தங்கச்சி ஜெஸ்மின் வேலைக்குச் சேரப்போற நம்மூர்ப் பல்லேகல கார்மென்ட் ஃபெக்டரி என் லிஸ்ட்டுல வந்துச்சு. மெனேஜர் என் பேச்சைக் கேட்டுட்டு, "தம்பி கண்டிப் பக்கமா?"ன்னார். அவருக்குப் பின்னால தகரத்துல மழை கொட்டுற சத்தம். கேள்வியை விட்டுட்டு கொஞ்ச நேரம் அதையே கேட்டுக்கிட்டிருந்தேன். இங்க யாரும் என்னை எந்த ஊருன்னு கேக்கிறதில்ல.

அப்புறம் அவர் பதில் சொன்னார். பதிலை வெளியில சொல்லமாட்டோம்னு வாக்குக் குடுத்துட்டுத்தான் நாங்க கேக்கிறது.

யாராவது கொழும்புக்கு வந்தா சோத்துக்கு மாசிச் சம்பல் குடுத்துவிடுங்க. மழை பெய்யும்போது கோல் எடுத்தா, ஃபோனைக் கொஞ்சம் ஜன்னல்கிட்ட வைங்க. ஜெஸ்மின்கிட்ட, பாத்துக்கிட்டிருக்கிற அந்த நர்சரி டீச்சர் வேலையை இப்ப விடவேணாம்னு சொல்லுங்க. ஏன்னு மட்டும் கேக்காதீங்க அம்மா. நீங்க கேட்டா சொல்லிருவேன்.

சாப்பாட்டு நேரம் முடிஞ்சிருச்சு, கூப்பிடுறாங்க.

உங்க மகன்
கிஷான்