நிறம் பார்க்கவில்லை

இன்று வெள்ளிக்கிழமை காலை சாமி விளக்கின் திரியைத் தூண்டக் குனிந்தபோது, காதோரம் பிரிந்து தொங்கிய முடி சுடரில் பட்டுவிட்டது. சுர்ரென்று ஒரு சத்தம், பிறகு அந்த நாற்றம். தட்டி அணைத்துவிட்டேன். மூன்று நான்கு இழைதான் போயிருக்கும். ஆனால் நாற்றம் போகவில்லை. கற்பூரம் ஏற்றினேன், சாம்பிராணி போட்டேன். அவற்றுக்கு அடியில் அது இருந்துகொண்டே இருந்தது. அங்காளம்மன் படத்துக்கு எதிரே உட்கார்ந்து நான் உங்களை நினைத்துக்கொண்டிருந்தேன், டாக்டரம்மா. விரும்பி நினைக்கவில்லை. இறந்துபோனவர் மேல் இன்னுமா கோபம் என்று என் வீட்டுக்காரர் கேட்கிறார். இருக்கிறது. அது யார் மேல் என்பதுதான் இப்போது எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

உங்கள் லேசர் அறைக்குள் முதல் நாள் நுழைந்தபோதும் இந்த நாற்றம்தான் வந்தது. செஞ்சியில், திருவண்ணாமலை ரோட்டில், மருந்துக்கடைக்கு மேலே ஒரே ஒரு அறை. செவ்வாய்க்கிழமை தோறும் திண்டிவனத்திலிருந்து வருவீர்கள். உங்களுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும், எனக்கு ஐம்பது முடிந்திருந்தது. இடது கண்ணைச் சுற்றி, காதோரத்திலிருந்து கன்னத்து எலும்பு வரை, பிறவியிலேயே எனக்கு ஒரு நீலமும் சாம்பலும் கலந்த மச்சம். அடிபட்டுக் கன்றிப்போனது போலத் தெரியும். பஸ்ஸில் பக்கத்தில் உட்காரும் பெண்கள் அதைப் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரரை முறைப்பார்கள். ஒருநாளும் கைநீட்டாத அந்த மனிதர் முப்பது வருடமாக அந்த முறைப்பை வாங்கிக்கொண்டிருந்தார். கல்யாணப் போட்டோவில்கூட நான் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் நிற்கிறேன்.

"இது போகும்க்கா," என்றீர்கள். "ஆனா மெதுவாத்தான் போகும். பொறுமை இருக்குதா?"

"மண்டலம் மண்டலமா விரதம் இருக்கிறவகிட்ட வந்து பொறுமை இருக்குதான்னு கேக்கறீங்களே."

சிரித்தீர்கள். நோயாளியிடம் அப்படி வாய்விட்டுச் சிரிக்கும் டாக்டரை நான் அதுவரை பார்த்ததில்லை.

உங்கள் மேல் எனக்கு நம்பிக்கை வந்தது அன்றைக்கல்ல. மிஷின் கம்பெனி ஆள் வந்த செவ்வாய்க்கிழமை. "புக்குல போட்டிருக்கிற நம்பரையே வைங்க மேடம், நாலே சிட்டிங்ல முடிச்சிரலாம். நீங்க பாதிக்கும் கீழ வெச்சிட்டு இருக்கீங்க," என்றார் அவர்.

"அந்தப் புக்கு யாரோட தோலப் பாத்து எழுதுனது?" என்று கேட்டீர்கள்.

"தோலு தோலுதான் மேடம்."

நீங்கள் என்னைக் கூப்பிட்டு, புத்தகத்தில் இருந்த வெள்ளைக்காரப் பெண்ணின் முகத்துக்குப் பக்கத்தில் என் கையை வைத்தீர்கள். "இந்த வெளிச்சம் கறுப்பத் தேடித்தான் போகும். அவங்களுக்கு மச்சம் மட்டும் கறுப்பு. எங்களுக்கு மொத்த முகமும் கறுப்பு. மச்சத்தச் சுடச் சொன்னா முகத்தச் சுட்டுரும். எங்க செஞ்சி வெயில்ல பாறையே வெடிக்குது, நீங்க வேற." அந்த ஆள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். எங்கள் முகம், எங்கள் வெயில் என்று நீங்கள் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

கண்ணுக்கு மேலே இரும்பு மூடி வைத்து, காதோரத்தில் ஒரு துவரம்பருப்பு அளவு இடத்தில் மட்டும் முதலில் அடித்தீர்கள். வாணலியிலிருந்து கடுகு தெறித்து முகத்தில் பட்டது போல இருந்தது. அந்த இடம் எப்படி மாறுகிறது என்று பார்த்துவிட்டுத்தான் மற்ற இடத்தைத் தொடுவேன் என்றீர்கள். ஆனால் பார்ப்பதுதான் உங்களால் முடியவில்லை. ஒருநாள் டியூப் லைட், ஒருநாள் ஜன்னல் வெயில், ஒருநாள் கரண்ட் போய்விட்டது. "போட்டோவுல எல்லாமே ஒரே மாதிரி இருக்குதுக்கா. குறைஞ்சுதா கூடிச்சான்னு எனக்கே தெரியல."

அப்போதுதான் பையிலிருந்து என் நோட்டை எடுத்தேன். ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோனாலும், மளிகைப் பொட்டலத்திலிருந்து பஞ்சாங்கம் வரை வாசித்து எழுத்தை நானே பிடித்துக்கொண்டவள் நான். தேதி போட்டு, கட்டம் கட்டி எழுதாவிட்டால் அந்த நாள் நடந்ததாகவே எனக்குத் தோன்றாது. வீட்டுக் கணக்குக்கு ஒரு நோட்டு இருப்பது போல மச்சத்துக்கும் ஒன்று போட்டிருந்தேன். தினமும் ஏழு மணிக்குக் குளித்துவிட்டு, வாசற்படியில் அதே இடத்தில் நின்று, கைக்கண்ணாடியில் பார்த்து எழுதுவது. நிறத்துக்கு எனக்குத் தெரிந்த பெயர்களை வைத்திருந்தேன். இருப்பதிலேயே கறுப்பு நாவல்பழக் கறை. அடுத்தது ஊறின உளுந்தின் தோல். பிறகு இரும்புத் தோசைக்கல், மழைக்காலத்துப் பாசி, ஈயச் சொம்பு, அடுப்புச் சாம்பல். கடைசியாக வறுத்த கேழ்வரகு மாவு. அதுதான் என் வலது கன்னத்தின் நிறம், போய்ச் சேர வேண்டிய இடம்.

நீங்கள் சத்தமாக வாசித்துச் சிரித்தீர்கள். இரண்டாம் பக்கத்தில் சிரிப்பு நின்றது.

"இது எப்டிக்கா கண்டுபுடிச்சீங்க?"

"கண்டுபுடிக்க இன்னா இருக்குது? தெனம் பாக்கறதுதானே."

மூன்று வாரம் வெளுத்த இடம் ஐந்தாம் வாரத்தில் மறுபடியும் கறுத்து, ஏழாம் வாரத்துக்குள் அடங்கியது என்று அந்த நோட்டில் இருந்தது. அதுவரை வந்தவர்களுக்கெல்லாம் நீங்கள் நான்காவது வாரத்திலேயே அடுத்ததை அடித்துக்கொண்டிருந்தீர்களாம். "அப்போ எத்தன நாள் விடலாம்?" என்று என்னைக் கேட்டீர்கள், டாக்டரம்மா. எங்கேயோ பெரிய படிப்பெல்லாம் படித்த நீங்கள் என்னைக் கேட்டீர்கள். "ஒரு மண்டலம் வுடுங்க, நாப்பத்தெட்டு நாள்," என்றேன். அன்றிலிருந்து வந்த எல்லோருடைய சீட்டிலும் நாற்பத்தெட்டு என்று எழுதினீர்கள். என் ஏழு நிறங்களையும் அட்டையில் தீட்டி, ஒவ்வொருவர் கன்னத்துக்குப் பக்கத்திலும் பிடித்துப் பார்த்தீர்கள். அவலூர்பேட்டையிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்கு நானே அட்டையைப் பிடித்து, "ஈயச் சொம்புக்கு வந்துட்ட, இன்னும் ரெண்டுதான்," என்று சொல்லியிருக்கிறேன்.

"இது நம்ம ரெண்டு பேரோட வேலக்கா," என்றீர்கள். அந்த வார்த்தையை நான் நோட்டில் எழுதவில்லை. எழுதத் தேவையில்லை என்று நினைத்தேன்.

ஒருநாள் இங்கிலீஷில் ஒரு தாளை நீட்டினீர்கள். போட்டோவுக்கு என்றீர்கள். ரேஷன் கடையில்கூட வாசிக்காமல் கையெழுத்துப் போடாத நான், உங்கள் மேஜையில் போட்டேன்.

என் ஓரகத்திக்குக் காலில் கரப்பான். அவளைக் கூட்டிக்கொண்டு புதுச்சேரியில் ஒரு பெரிய தோல் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். வரிசையில் நின்றபோது அவள் என் இடுப்பில் இடித்தாள்.

"ஏய், இன்னாடி இது? செவுத்துல உன் கண்ணு தொங்குது!"

தொங்கியது. முன்பு, பின்பு என்று இரண்டு படம், ஆள் உயரத்துக்கு. பாதி முகம்தான், ஆனால் என் முகம். அதற்குக் கீழே ஏழு நிறங்கள், ஒன்று முதல் ஏழு வரை எண் போட்டு. கீழே உங்கள் பெயர். நாவல்பழம் இல்லை, உளுந்து இல்லை, கேழ்வரகு இல்லை. ஓரகத்தி வரிசையில் இருந்தவர்களிடமெல்லாம் என்னைக் காட்டினாள். "இவதான் அது. திரும்புடி, காட்டு!" வாழ்நாள் முழுக்கத் திருப்பிவைத்திருந்த முகத்தை அன்று முப்பது பேர் பார்த்தார்கள். போட்டோவோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை உங்களிடம் வந்தேன். சண்டை போட வரவில்லை. கேட்கத்தான் வந்தேன்.

"அது உங்க முகம்னு யாருக்குக்கா தெரியும்?"

"என் ஓரகத்திக்குத் தெரிஞ்சுது."

"நீங்க சைன் பண்ணீங்களேக்கா."

பண்ணினேன். "சரி, பேரு?" என்றேன். "என் பேரக் கேக்கல. நாவல்பழக் கறை, அடுப்புச் சாம்பல், அந்தப் பேருங்கள எங்க?"

நீங்கள் மேஜையைப் பார்த்துக்கொண்டு சொன்னீர்கள்: "அத அப்டியே டாக்டருங்க கூட்டத்து மேடையில சொன்னா சிரிப்பாங்கக்கா."

முதலில் சிரித்தது நீங்கள்தான் என்று சொல்ல வாய்வரை வந்தது. எழுந்து வந்துவிட்டேன். நோட்டு உங்கள் மேஜையிலேயே கிடந்தது. என் சிகிச்சையில் இன்னும் இரண்டு முறை பாக்கி இருந்தது.

பிறகு போன் செய்தீர்கள். ஒரு தடவைதான் எடுத்தேன். "கோவத்த என் மேல காட்டுங்க, மொகத்து மேல காட்டாதீங்க. நான் எழுதற அட்டவணையில முதல் வரிசையே நீங்கதான். பாக்கி ரெண்டு சிட்டிங்கோட கட்டம் காலியா இருந்தா பெரிய டாக்டருங்க ஒத்துக்க மாட்டாங்க. மறுபடியும் புக்கு நம்பருக்கே போயிருவாங்க. நம்ம சனங்க மொகம்தான்க்கா வெந்து போகும்." நீங்கள் சொன்னது எனக்கு நன்றாகப் புரிந்தது. புரிந்துதான் போனை வைத்தேன். என்னிடம் இருந்தது அந்த இரண்டு கட்டம் மட்டும்தான். அதைத் தருவதாக இல்லை.

அடுத்த வருடம் ஆடி அமாவாசை அன்று காலை நீங்கள் என் வீட்டுக்கே வந்தீர்கள். ஜன்னல் வழியாக ஆட்டோவிலிருந்து இறங்குவதைப் பார்த்தேன். எதிர்வீட்டு பாத்திமா என் சமையலறையில் நின்றிருந்தாள். "நான் மலையனூர் கோயிலுக்குப் போயிருக்கேன்னு சொல்லிடு," என்றேன்.

"அமாவாசையும் அதுவுமா என்னைய பொய் சொல்லச் சொல்றியேக்கா."

"சொல்லிடு."

பூஜை அறையில் போய் நின்றுகொண்டேன். அங்கே ஒரு சின்ன ஜன்னல் உண்டு. தலையில் முக்காடு போலத் துணி சுற்றியிருந்தீர்கள். வெயிலுக்கு என்று நினைத்தேன். கேட்டைப் பிடித்திருந்த கையில் நகங்களெல்லாம் கறுநீலமாக இருந்தன. நாவல்பழக் கறை. அந்தப் பெயர்தான் உடனே மனதில் வந்தது. ஆடி மாதம், ரோடெல்லாம் கூறு கட்டி நாவல்பழம் விற்கிறார்கள், வரும் வழியில் வாங்கித் தின்றிருப்பீர்கள் என்று நினைத்தேன். என்னிடம் மன்னிப்புக் கேட்க வருபவள் பழம் தின்றுகொண்டு வருகிறாள் என்று கோபம் இன்னும் கூடியது.

பாத்திமா உள்ளே வந்து, "பாவம்க்கா, சொல்லியும் அரை மணி நேரமா நிக்குது. ஒடம்புக்கு இன்னாவோ போல இருக்குது," என்றாள். நான் மணியை எடுத்து ஆட்டப் போனேன். ஆட்டினால் வீட்டில் இருப்பது தெரிந்துவிடும் என்று கீழே வைத்துவிட்டேன். அம்மனுக்கு அன்று மணி இல்லாத பூஜை.

மாசி மாதம் மருந்துக்கடை ஷட்டரில் கண்ணீர் அஞ்சலி ஒட்டியிருந்தார்கள். உங்கள் முகம். நிறத்தில் வேலை செய்த உங்களை, அச்சடித்தவன் மூன்று படி வெளுத்து வைத்திருந்தான். எனக்கு அடையாளம் தெரியவே கொஞ்ச நேரம் ஆனது.

காரியம் முடிந்து உங்கள் கணவர் வந்தார். வாசலிலேயே நின்று ஒரு துணிப்பையைக் கொடுத்தார். "இத உங்ககிட்ட சேர்க்கச் சொன்னா. தபால்ல போடக் கூடாது, கையிலதான் குடுக்கணும்னுட்டா." உள்ளே என் நோட்டு. அவர் காபி குடிக்கவில்லை. கிளம்பும்போது சொன்னார்: "அந்தக் கேன்சர் மருந்து அவளுக்குத் தலைமுடியக் கொட்ட வெச்சுது. நகத்தக் கறுக்க வெச்சுது. கடைசி வரைக்கும் அதப் பாத்துப் பாத்து, அக்கா இருந்தா இதுக்குச் சரியா ஒரு பேரு சொல்லும்னு சிரிப்பா."

பேர் சொன்னேன், டாக்டரம்மா. ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்று அன்றே சரியாகச் சொல்லிவிட்டேன். அது நோய் என்றுதான் எனக்குத் தெரியவில்லை. தினமும் பார்ப்பதுதானே என்று பெருமை அடித்தவளின் பார்வை அவ்வளவுதான்.

நம் தோலுக்கான இந்த முறையைப் பற்றி நீங்கள் எழுதிக்கொண்டிருந்தது பாதியில் நிற்கிறதாம். மருந்துக்கடைக்கு மேலே இப்போது பியூட்டி பார்லர். அங்கேயும் லேசர் உண்டு, ஒரே சிட்டிங் என்று போர்டு வைத்திருக்கிறார்கள். துவரம்பருப்பு அளவில் தொட்டுப் பார்ப்பவரும் இல்லை, நாற்பத்தெட்டு நாள் காத்திருப்பவரும் இல்லை. போன வாரம் அங்கிருந்து ஒரு பெண் துப்பட்டாவால் கன்னத்தைப் பொத்திக்கொண்டு இறங்கிப் போனாள். நான் எதிர்ப்பக்கம் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். பொத்தியிருந்த விதத்தைப் பார்த்ததும் வெந்திருக்கிறது என்று தெரிந்துவிட்டது. அதற்கு நீங்கள் பொறுப்பா, நானா என்று கேட்டுக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன்.

உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுத இந்தத் தாளை எடுக்கவில்லை. அந்தப் பெயர்களை நீங்கள் மேடையில் சொல்லியிருக்கலாம். சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும் என்று சொல்லியிருக்கலாம். அது இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. கண்ணுக்குக் கீழே கட்டைவிரல் அகலத்துக்கு மச்சமும் அப்படியே இருக்கிறது. அதை யாரிடமும் காட்டுவதாக இல்லை. நோட்டு கையில் இல்லாத நாட்களிலும் சரி, தினமும் ஏழு மணிக்கு வாசற்படியில் பார்ப்பதை மட்டும் என்னால் விட முடியவில்லை.

பொசுங்கிய முடியின் நாற்றத்தோடு அந்த நோட்டை இன்று மறுபடியும் பிரித்தேன். நான் எழுதி நிறுத்திய பக்கத்துக்குப் பிறகு உங்கள் கையெழுத்து. நாற்பத்தெட்டு நாளுக்கு ஒரு தேதி, கட்டம் கட்டி, என்னைப் போலவே. அக்கா வரவில்லை. அக்கா வரவில்லை. கடைசிக் கட்டத்தில் மட்டும் கொஞ்சம் நீளமாக இருக்கிறது: "ஆடி அமாவாசை. நேரில் போனேன். அக்கா கோயிலுக்குப் போயிருக்கிறார். நிறம் பார்க்கவில்லை."

நம்பியிருக்கிறீர்கள். அந்த நோட்டு முழுக்கக் கண்ணால் பார்த்ததைத் தவிர வேறெதுவும் கிடையாது. பொய் என்று இருப்பது அந்த ஒரு வரிதான். என் பொய், உங்கள் கையெழுத்தில்.

எழுதியதை அடித்துத் திருத்தும் வழக்கம் எனக்கு இல்லை. அதற்குக் கீழே ஒரு கட்டம் கட்டினேன். அதே ஆடி அமாவாசையைத் தேதியாகப் போட்டு எழுதினேன்: அக்கா வீட்டில்தான் இருந்தாள். நிறம், அடுப்புச் சாம்பல்.