மாட்டு டாக்டருக்கு வைத்த வேட்டி

ஓசூர்,
12-7-1956

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். நான் நலம். உங்கள் மூட்டுவலி தேவலையா?

நேற்று பாகலூரில் கோவிந்தப்பன் என்பவர் வீட்டுப் பசுவுக்கு வயிற்றில் கன்று குறுக்கே கிடந்தது. என்னைப் பார்த்ததும், "டாக்டர் எப்பம்மா வருவாரு?" என்றார். "நான்தாங்க மாட்டு டாக்டர்" என்று சேலையை இழுத்துச் செருகினேன். அவர் பசுவிடம் கன்னடத்தில் கெஞ்சினார், நான் தமிழில். அதற்கு எது புரிந்ததோ! கன்று உயிரோடு வந்தது.

டாக்டருக்கு வெற்றிலை பாக்கோடு வேட்டி வைப்பது அவர்கள் வழக்கமாம். வந்திருப்பது பெண்ணாயிற்றே என்று கோவிந்தப்பன் தட்டோடு திருதிருவென்று விழித்தார். "வழக்கத்த மாத்தாதீங்க" என்று வாங்கிக்கொண்டேன்.

மோர்மிளகாய் அனுப்புங்கள். தங்கையை நீளமாக எழுதச் சொல்லுங்கள். இங்கே தமிழில் பேச ஆள் குறைவு.

தபால் பையைக் கட்டப்போகிறார்கள். வேட்டி தனிப் பார்சலில் வருகிறது. பெண்ணுக்கு மாட்டு வைத்தியம் எதற்கு என்று கேட்ட பெரியப்பா வரும் நாளில் கட்டிக்கொள்ளுங்கள்.

தங்கள் மகள்,
தேவகி