இடது காலுக்கு வேலையில்லை

உமியோ, ஸ்வீடன்
மே 12

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? நான் சுகம். முதியவர்களை வீடு வீடாகப் போய்க் கவனிக்க எனக்கு கிளட்ச் இல்லாத ஆட்டோமேட்டிக் கார் கொடுத்திருக்கிறார்கள். கியர் மாறும்போதெல்லாம் அது குலுங்கியது. மெக்கானிக் ஹோக்கன் கியர் ஆயில் மாற்றியும் சரியாகவில்லை. நேற்று தன் வண்டியில் என் பின்னாலேயே வந்து பார்த்தார்.

"பைபா, வண்டி குலுங்குறப்பெல்லாம் பின்னால சிவப்பு லைட் எரியுதே! கிளட்ச்னு நினைச்சு இடது காலால பிரேக்கை மிதிக்கிறியா?"

"எங்கப்பா பழக்கின காலு."

"அப்போ அவரைத்தான் ரிப்பேர் பண்ணணும்!"

இப்போது அந்தக் காலை மடக்கி வைத்து ஓட்டுகிறேன், குலுக்கல் நின்றுவிட்டது. கொஞ்சம் நம் ஊர் கறுப்பு ரை ரொட்டி அனுப்புங்கள். ஜூனில் லீகோ திருவிழாவுக்கு ஊருக்கு வருகிறேன். அதுவரை கிளட்ச் வைத்த நம் பழைய காரை விற்றுவிடாதீர்கள். நான் மொத்தமாக இங்கே வந்துவிட்டேன். இடது கால் மட்டும் இன்னும் அதில்தான் இருக்கிறது.

வேலைக்கு நேரமாகிவிட்டது, ஓடுகிறேன்.

பைபா