காப்புச் சொல்லாத எட்டு நாள்

பங்குனி 4, திங்கள்

காலை ஏழுக்கே வெயில். குழாயில் தண்ணீர் பாதிக் குடத்தோடு நின்றது.

செய்ய வேண்டியவை: பி.பி. மாத்திரை. மூக்குக்கண்ணாடிக்குத் திருகு. பால்குடம் (பித்தளை) புளி போட்டுத் தேய்க்க. வேட்டியை மஞ்சளில் நனைக்க.

நாளை அம்மன் கோயிலில் காப்புக்கட்டு. எட்டாம் நாள் முதல் பால்குடம் எங்கள் வீட்டுக்கு உரியது. அப்பாவுக்குப் பிறகு முப்பத்தொரு வருடமாக என் தலையில்.

மூன்று மணிக்கு அயர்லாந்துப் போன். மருமகள் வள்ளி ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் கீரை ஆய்ந்தாள். நான் பேப்பர் படித்தேன். ஒரே பக்கத்தை. பேசியது மீ., என் மகள், அங்கே மேல்படிப்பு. விண்ணப்பம் போட்டது, விசா வந்தது எதையும் என்னிடம் சொல்லவில்லை. டிக்கெட் எடுத்த பிறகுதான் தெரிந்தது. அவள் போன ஆவணியிலிருந்து பேச்சில்லை. இந்த நோட்டிலும் முழுப் பேர் எழுதுவதில்லை.

“நீங்க குடுத்துவிட்ட பொடியெல்லாம் தீந்துருச்சு அண்ணி. இனிமே இங்க உள்ளதத்தான் தின்னு பாக்கணும்.”

“என்னத்தடி திம்ப?”

“நேத்து உருளைக்கிழங்க மசிச்சு முட்டைக்கோஸ் போட்டு, நடுவுல குழி பண்ணி வெண்ணெய் வச்சுக் குடுத்தாங்க. உப்பு மட்டுந்தான். மொளகாய் இல்ல, மஞ்சள் இல்ல. காய்ச்சக்காரிக்குக் குடுக்குற மாதிரி. ஆனா மழையில நனைஞ்சுட்டு வந்து தின்னா நல்லாத்தான் இருக்கு.”

நல்லாத்தான் இருக்காம்.

பங்குனி 5, செவ்வாய்

காப்புக் கட்டியாயிற்று. பூசாரி முடிச்சை இரண்டு முறை போட்டார். இனி எட்டு நாள் ஊரில் எந்த வீட்டிலும் கறி, மீன், கவிச்சி இல்லை. வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கும் அதே விதி. ஆனால் தகப்பன் தன் வாயால் சொன்னால்தான் காப்பு அவர்களைச் சேரும். சொல்லாமல் விட்டு, பிள்ளை தின்றால், குற்றம் தகப்பனைச் சேரும். இது எங்கள் தாத்தா காலத்துப் பேச்சு.

சிங்கப்பூருக்குப் போன் போட்டேன். “காப்புக் கட்டியாச்சுடா.” மகன், “சரிப்பா.” அவ்வளவுதான். பத்து விநாடி.

வள்ளி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். “அயர்லாந்துக்கு?”

பேப்பரைப் பிரித்தேன்.

“நானாச்சும் சொல்லட்டுமா மாமா?”

“ஒன் வாயால சொன்னா அது சேராது.”

“அப்ப நீங்க சொல்லுங்க.”

என்னிடம் சொல்லாமல் கடல் தாண்டினவளுக்கு நான் எதைச் சொல்ல.

பங்குனி 7, வியாழன்

பொன்னமராவதி போனேன். மாத்திரை வாங்கினேன். திருகு இல்லை, கடைக்காரன் ஃப்ரேமையே மாற்றச் சொல்கிறான். பஸ்ஸில் இடம் கிடைக்காமல் நின்றே வந்தேன், முழங்கால் வலி.

மத்தியானம் மறுபடி போன். ஞாயிற்றுக்கிழமையானால் ஆட்டுக்கறியையும் உருளைக்கிழங்கையும் கேரட்டையும் ஒன்றாகப் போட்டு வேக வைக்கிறார்களாம். தாளிப்பது கிடையாது. மோரும் சோடா உப்பும் போட்டுப் பிசைந்து ரொட்டி சுடுகிறார்களாம். டீ மட்டும் நம்மைப் போலவே பால் ஊற்றிக் கெட்டியாக. நாள் முழுவதும் குடிக்கிறார்களாம்.

பிறகு கேட்டாள். “இன்னும் காப்புக் கட்டலயா அண்ணி? பங்குனி பொறந்துருச்சே. அப்பா சொல்லுவாங்கன்னு பாத்துக்கிட்டே இருக்கேன். சொன்னா நிறுத்திப்புடுவேன்.”

வள்ளி என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். வேண்டாம் என்று. “தெரியலடி, கேட்டுச் சொல்றேன்,” என்றாள். அவள் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. இன்று எனக்காகச் சொன்னாள்.

மோர் மட்டும் குடித்துவிட்டுப் படுத்தேன்.

பங்குனி 8, வெள்ளி

காற்றே இல்லை. வேப்பிலை கட்டினோம். கோயில் ரேடியோ ஓயவில்லை.

வள்ளி தண்ணீருக்குப் போன நேரம் அவள் போனை எடுத்தேன். மீ. படம் வந்தது, குல்லாய் போட்டுக்கொண்டு, மூக்கு சிவந்து. வைத்துவிட்டேன். கறி எடுக்கிற நாள் ஞாயிறுதானே. ஞாயிறு காலை சொன்னால் போதும். அதுவரை இருக்கட்டும். ஒரு வார்த்தைக்காகக் காத்திருப்பது எப்படி என்று அவளுக்கும் தெரியட்டும்.

பங்குனி 9, சனி

மூன்றரை மணி. வள்ளியின் போனில் படம். பார்த்துவிட்டுப் போனைக் குப்புற வைத்தாள். நான் கேட்டு வாங்கிப் பார்த்தேன்.

வெள்ளைத் தட்டு. முட்டை, தக்காளி, அவரை விதை. ஓரத்தில் கருப்பாக, வட்டமாக, நான்கு வில்லை. கீழே எழுத்து: “வீட்டுக்காரம்மா இன்னிக்குக் காலைல செஞ்சு குடுத்தாங்க. பன்னி ரத்தமும் ஓட்ஸும் வெங்காயமும். இத்தன மாசம் வேணாம்னு ஒதுக்கி வச்சேன். வாயில போட்டா அப்பா செய்யுற ரத்தப் பொரியல் ஞாபகம் வந்துருச்சு அண்ணி. சீரகம் இல்ல, தேங்காய் இல்ல, ஆனாலும் அதான். அழுகை வந்துருச்சு. அப்பாகிட்டச் சொல்லுங்க.”

சனிக்கிழமை. சனிக்கிழமை யாராவது கவிச்சி தின்பார்களா? இந்த ஊரில் நாய்க்குக்கூடக் கிடைக்காது. அங்கே கிழமை பார்க்க மாட்டார்கள் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை. ஐந்தாவதோடு நின்றவன், பேப்பர் படித்தே உலகம் கற்றேன் என்று எத்தனை பேரிடம் பீற்றியிருப்பேன்.

வீட்டில் மற்றதெல்லாம் பெண்கள் சமையல். ரத்தப் பொரியல் மட்டும் நான். சின்ன வெங்காயம், சீரகம், கடைசியில் தேங்காய். அவள் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், எப்போது ஆகும், எப்போது ஆகும் என்று.

பங்குனி 10, ஞாயிறு

அதே படத்தை ஸ்டேட்டஸிலும் வைத்திருக்கிறாள். பங்காளி ரெங்கனின் மருமகள் பார்த்துவிட்டாள். டீக்கடைக்குள் நான் நுழையும்போதே பேச்சு நின்றது. பிறகு ரெங்கன்:

“என்னண்ணே, ஒங்க வீட்டுக்கு மட்டும் காப்பு வேற மாதிரியா? பன்னி ரத்தத்த வட்டம் வட்டமா வெட்டி வச்சுத் திங்கிதாமுல்ல புள்ள.”

“ஒனக்கும் வேணுமா? பார்சல் போடச் சொல்றேன்.”

சிரித்தார்கள். எனக்காகச் சிரித்தார்களா, என்னைப் பார்த்துச் சிரித்தார்களா, தெரியாது. டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன்.

ரெங்கனுக்குப் பால்குடத்தின் மேல் ரொம்ப நாளாகக் கண்.

பங்குனி 11, திங்கள்

குடம் தேய்த்தேன். முகம் தெரிகிறது.

பூசாரி வந்தார். வெற்றிலை போட்டார். சுற்றி வளைத்துக் கடைசியில்: “நாளைக்குத் தலை சொல்லும்போது புள்ள மறந்துபோயித் தின்னுருச்சுன்னு சொல்லிருங்க. சின்னப் புள்ள. அது பேருல ஒரு தேங்காய ஒடச்சா ஆத்தா பொறுத்துக்குவா. நீங்க எப்பயும் போலக் குடம் எடுங்க.”

“அப்ப, நான் காப்புச் சொல்லியும் தின்னுச்சுன்னு ஆயிருமே.”

“அத யாரு கேக்கப் போறா? நீங்க சொல்லாமயா இருந்திருப்பீங்க?”

அவர் போனதும் வள்ளி சொம்பை எடுக்க வந்தாள். எடுக்கவில்லை. நின்றாள். “அவ ஆறு மாசமா அதத் தொடல மாமா. ஒங்க ஞாபகம் வந்து தின்னவ பேருல தேங்காயா?”

கையை ஓங்கியிருப்பேன், வேறு காலமாக இருந்தால். அவள் சொன்னது சரி என்பதுதான் கோபம்.

பங்குனி 12, செவ்வாய்

விடியலில் குளித்தேன். ஈரமாகவே மஞ்சள் வேட்டி. நல்ல கூட்டம், மேளம் இரண்டு செட்.

தலை சொல்வது: வீட்டுக்குப் பெரியவர் அம்மன் முன்னால் நின்று, தன் வீட்டில் எத்தனை பேர், எல்லோரும் சுத்தமா என்று சொல்ல வேண்டும். தலைக்கு ஒரு பொட்டலம் திருநீறு. முதல் வீடு எங்களுடையது. குடம் என் தலையில் ஏறத் தயாராக, பால் நிறைந்து. ரெங்கன் எனக்குப் பின்னால், மூச்சு என் முதுகில் படும் தூரத்தில்.

“எத்தன தல?”

“ஆறு.”

“ஆறும் சுத்தமா?”

“அஞ்சு சுத்தம். ஒண்ணு இல்ல.”

பூசாரி நிம்மதியாகத் தேங்காயைக் கையில் எடுத்தார். “யாரு, புள்ளையா?”

“நான்.”

மேளக்காரன்கூட நிறுத்திவிட்டான்.

“என்னண்ணே சொல்றீங்க? நீங்க எங்க தின்னீங்க?”

“நான் திங்கல. எம்புள்ளைக்குக் காப்புச் சொல்லல. கேட்டுச்சு. கேட்டும் சொல்லல.”

யார் என்ன பேசினார்கள், காதில் விழவில்லை. ஐந்து பொட்டலம் கொடுத்தார்கள். எண்ணிப் பார்த்தேன். மகன், வள்ளி, பேரப் பிள்ளைகள் இரண்டு, மீ. சரியாக ஐந்து.

குடத்தை ரெங்கன் எடுத்தான். தூக்கத் தெரியவில்லை, முதல் வளைவிலேயே பால் தளும்பியது. நான் தேய்த்த குடம். கடைசி வரிசையில் செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றேன். அங்கிருந்து அம்மன் முகம் தெரியாது. முப்பத்தொரு வருடத்தில் அங்கே நின்றதில்லை.

வீட்டில் ரசம் சாதம்.

பங்குனி 13, புதன்

பதினோரு மணிக்குக் காப்பு அவிழ்த்தார்கள். எனக்கும் அவிழ்த்தார்கள், பேச்சில்லாமல். பிறகு கிடாவெட்டு. ஊர் முழுவதும் கறி வாடை.

வள்ளி பாத்திரத்தை என் முன்னால் வைத்தாள். “ரத்தம் வாங்கியாந்திருக்கேன். நீங்கதான் செய்யணும்.” நான் எழுந்திருக்கவில்லை. அவளும் எடுக்கவில்லை. வெகுநேரம் கழித்து எழுந்தேன். சின்ன வெங்காயம் உரித்தேன்.

மூன்றரைக்குப் போன் அடித்தது. சட்டியில் பாதி வெந்துகொண்டிருந்தது. வள்ளி எடுத்து, என் காதுப் பக்கம் நீட்டினாள். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினேன்.

“காப்பு அவுத்தாச்சு. இனிமே தின்னு.”

அந்தப் பக்கம் மழை பெய்வது மட்டும் கேட்டது.

“அப்பா?”

“ம்.”

“எப்பப்பா கட்டுனாங்க?”

ஊர் முன்னால் சொன்னதுதான். மீனாவிடம் சொல்ல வாய் வரவில்லை. போனை வள்ளியிடம் கொடுத்துவிட்டுச் சட்டிக்குத் திரும்பினேன். அடி பிடித்திருந்தது.