பரிசோதகர் என்று நினைத்து எனக்குப் பரிமாறிய மீன்

ஃபுஞ்சல்,
தவக்காலத்தின் மூன்றாம் வாரம், வியாழன்

அன்பு மகள் பெனெதீத்தாவுக்கு,

அம்மா எழுதுவது. வலது முழங்காலைத் தவிர மற்றபடி நான் நலம். அந்த முழங்கால் மட்டும் தனிக்குடித்தனம் போன மருமகளைப் போல என் பேச்சைக் கேட்பதில்லை. வியன்னாக் குளிரில் நீயும் நலமாக இருக்க மாதாவிடம் சொல்லியிருக்கிறேன். முதலில் ஒரு விஷயத்தைத் திருத்திவிட வேண்டும். நான் ஓட்டல் பரிசோதகர் வேஷம் போட்டுக்கொண்டு அஸுசேனா ஓட்டலுக்குப் போய் ஓசியில் சாப்பிட்டுவிட்டு வந்தேன் என்று உன் அத்தை ஃபிலோமெனா ஊரெல்லாம் சொல்லி வருகிறாள். நான் வேஷம் போடவில்லை. ஓசியிலும் சாப்பிடவில்லை, அவர்கள் வாங்க மறுத்த பணத்தை மேசைமேல் வைத்து உப்புச்சாடியைத் தூக்கி அதன்மேல் வைத்துவிட்டுத்தான் எழுந்தேன். சாப்பிட்டேன் என்பது மட்டும் உண்மை, அதுவும் சுமார்தான்.

ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நீ போட்ட சத்தத்தில் என்னால் எதையும் சொல்ல முடியவில்லை. "இனிமே எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு நான் அங்க போறது? நான் விலகிக்கறேம்மா" என்று சொல்லி வைத்துவிட்டாய். கன்னியர் மடத்துப் பள்ளியில் உன்னைப் படிக்க வைத்தது, பெரியவர்கள் பேசி முடிக்கும் முன் தொலைபேசியை வைப்பதற்காக அல்ல. அதனால்தான் எழுதுகிறேன். தாளை வைத்துவிட்டு ஓட முடியாது, முழுக்கப் படி.

நான் ஏன் போனேன் என்றால், நீ தலைமை மேலாளர் வேலைக்கு மனுப் போட்டிருக்கும் இடம் எப்படிப்பட்டது என்று பார்க்கத்தான். பெண்ணைக் கொடுக்கும் முன் மாப்பிள்ளை வீட்டுச் சமையலறையை எட்டிப் பார்ப்பதில்லையா, அதுபோல. ஐந்து நட்சத்திர ஓட்டல்களுக்கு வருடத்துக்கு ஒருமுறை பெயர் சொல்லாமல் ஒரு பரிசோதகர் வந்து சாப்பிட்டுப் பார்த்து மார்க் போடுவார் என்பது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. அவர் தனியாக வருவாராம். கேட்டதை மாற்றிக் கேட்பாராம். நாப்கினைக் கீழே போட்டுவிட்டு யார் ஓடி வருகிறார்கள் என்று பார்ப்பாராம், நடுவில் கழிவறைக்குப் போய்விட்டு வந்து அந்தத் துணியை யாராவது மடித்து வைத்திருக்கிறார்களா என்று பார்ப்பாராம். இத்தனையையும் நான் செய்தேன், அதற்கு நான் என்ன செய்ய? உன் அப்பா கல்லறையில் இருக்கும்போது நான் யாரோடு போவது? சூரை மீன் கேட்டேன், பக்கத்து மேசையில் அது செருப்புத் தோல் மாதிரி காய்ந்து கிடந்ததைப் பார்த்துவிட்டு வாழைப்பழத்தோடு பொரித்த எஸ்பாதா மீனுக்கு மாறினேன். நாப்கின் பட்டுப்போல் வழுக்கியது, விழுந்தது, என்னால் குனிய முடியாது. கழிவறைக்கு ஏன் போனேன் என்று இந்த வயதில் யாரும் என்னைக் கேட்கக் கூடாது. தட்டைத் திருப்பி அடியில் பார்த்தேன் என்பதும் உண்மை. பீங்கான் எந்த ஊர் என்று பார்க்காமல் சாப்பிட உட்காராதே என்று நான் படித்த மடத்தில் சிஸ்டர் யூஃப்ராசியா சொல்லிக்கொடுத்த பழக்கம், அவர் செத்து அறுபது வருடமாகியும் அது போகவில்லை.

எல்லாவற்றையும்விட அவர்களைக் கலங்கடித்தது என் ஜெபமாலைதானாம். சூப் வருகிற வழியாக இல்லை, சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று மேசைக்கு அடியில் மணி உருட்டிக்கொண்டிருந்தேன். சூப் வருவதற்குள் துயர தேவ இரகசியங்கள் ஐந்தும் முடிந்துவிட்டன, ஆண்டவரைச் சிலுவையில் அறைந்து முடித்த பிறகுதான் கரண்டியையே தொட்டேன். நான் விரல்விட்டு நிமிடம் எண்ணுகிறேன் என்று நினைத்து உள்ளே சமையல்காரர் சட்டையெல்லாம் வேர்த்துப் போனாராம்.

சாப்பிட்டு முடித்ததும் உன் போட்டியாளர் ரொஜேரியு வந்தார், இப்போதைக்குத் தற்காலிக மேலாளராக இருக்கிறாரே அவர்தான். முடியில் அத்தனை எண்ணெய், அத்தனை பணிவு. கையைக் கட்டிக்கொண்டு, "மேடம், மனசுல பட்டதை ஒளிக்காம சொல்லணும். குறை இருந்தா அதைக் கேக்கறது எங்க பாக்கியம்"என்றார். "பாக்கியம் நிறையவே இருக்கு, உக்காருங்க"என்றேன். பிறகு சொன்னேன். சூப்பைச் சொன்னேன், சூரை மீனைச் சொன்னேன், வாசலில் வைத்திருக்கும் பூக்கள் சவ அடக்கத்துக்கு வந்தவை போல இருப்பதைச் சொன்னேன். கடைசியில், "எனக்குப் பரிமாறின அந்தப் பொண்ணோட குதிகால்ல ரத்தம் வருது, கவனிச்சீங்களா? கால் புண்ணை வெச்சுக்கிட்டு சிரின்னு சொல்ற வீட்ல மீன் எப்படிங்க ருசிக்கும்?"என்றேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. ஆஹா, மனசாட்சி உள்ள மனிதர் என்று நினைத்தேன். நானும் சில சமயம் முட்டாள்தான்.

மறுநாளே பரிமாறும் பெண்கள் அத்தனை பேருக்கும் மெத்தென்ற புதுச் செருப்பு வந்துவிட்டதாம். இதை எனக்குச் சொன்னவள் அந்தக் குதிகால்காரிதான், லீதியா என்று பெயர், நம் பங்குக் கோயிலுக்குப் புதிதாக வந்தவள். பூசை முடிந்து படியில் என்னைப் பிடித்துக்கொண்டு, "நீங்க யார்னு எங்களுக்கு இப்பதான் தெரியும் தோனா லியோனில்தே! ஒரு வாரம் பஞ்சு மேல நிம்மதியா நடந்தோம், அப்புறம் வம்பு வந்துடுச்சு"என்றாள். ஒரு வாரம்தானா என்று கேட்டேன். அங்கேதான் உன் அத்தை வருகிறாள். முடி வெட்டப் போன இடத்தில் ரொஜேரியுவின் மனைவி பக்கத்து நாற்காலியில் இருந்திருக்கிறாள். உன் அத்தைக்கு வாய் நிற்குமா? "எங்க அண்ணி அஸுசேனாவுல போய் எல்லாரையும் ஒரு வாங்கு வாங்கிட்டா, அவ பொண்ணுதான் அங்க மேனேஜரா வரப்போறா"என்று பீற்றிக்கொண்டுவிட்டாள். அன்று மாலையே ரொஜேரியுவுக்கு விஷயம் போய்விட்டது. உளவு பார்க்க நீதான் என்னை அனுப்பினாய் என்று அவர் முதலாளிகளிடம் சொன்னது உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாதது இது: அதே மாலை, வந்தது பரிசோதகர் இல்லை என்று தெரிந்ததும், செருப்புகளைத் துடைத்துப் பெட்டியில் போட்டுக் கடைக்குத் திருப்பி அனுப்பச் சொன்னாராம். பெண்கள் கழற்றவில்லை. லீதியா அவரிடம், "தேய்ஞ்சு போச்சு சார், கடைக்காரன் வாங்க மாட்டான்"என்றிருக்கிறாள். எனக்கு அந்தப் பெண்ணை மிகவும் பிடித்துவிட்டது.

இந்தச் செருப்புக் கதை பெரிய முதலாளி அமாந்தியுவின் காதுக்கும் போயிருக்கிறது. செவ்வாய்க்கிழமை அந்தக் கிழவர் நம் வீட்டுப் படிகளை மூச்சு வாங்க ஏறி வந்தார், கையில் தேன் கேக். வாங்கிய கேக்தான், கிராம்பு போதவில்லை. உட்காரும் முன்பே, "உங்க பொண்ணு உங்களை அனுப்பிச்சாளா, இல்லையா? அதைச் சொல்லுங்க"என்றார். "என்னை யாரும் எங்கயும் அனுப்ப முடியாது, என் வீட்டுக்காரர் நாப்பது வருஷம் முயற்சி பண்ணிப் பார்த்தார்"என்றேன். சிரித்து இருமினார். பிறகு மெதுவாகத் தூண்டில் போட்டார். அவர் மகன்கள் ரொஜேரியுவைத் தலைமை மேலாளராகவும் உன்னை அவருக்குக் கீழே துணை மேலாளராகவும் வைக்கலாம் என்கிறார்களாம், எல்லாருக்கும் மரியாதையாக இருக்குமாம், நான் உன்னிடம் எடுத்துச் சொல்ல வேண்டுமாம். "லிஸ்பன்ல ஒருத்தர், ஜெனீவால ஒருத்தர், வியன்னால ஒருத்தர், மூணு ஆம்பளைகளுக்குத் துணையா இருந்து மூணு பேருக்கும் வேலை கத்துக் கொடுத்துட்டா. நாலாவதா ஒருத்தருக்குப் பாடம் எடுக்கணும்னா அவ பள்ளிக்கூடமே வெச்சுக்கலாம்"என்றேன். அவர் தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தார், நான் சர்க்கரையே போட்டிருக்கவில்லை. பிறகு, "உங்க பொண்ணும் உங்களை மாதிரிதானா?"என்று கேட்டார். பயந்துதான் கேட்டார் என்று நினைக்கிறேன். "என்னைவிட மோசம். நான் மூஞ்சிக்கு நேரா திட்டிடுவேன். அவ சிரிச்சுக்கிட்டே சொல்வா, கேட்டவன் நன்றி சொல்லிட்டுப் போவான், வீட்டுக்குப் போய்ச் சட்டையைக் கழட்டும்போதுதான் வலிக்கும்"என்றேன். கிழவர் தேநீரைக் குடித்து முடித்தார். எழுந்து தொப்பியைப் போட்டுக்கொண்டு சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "பார்க்க ஆள் இருந்தாத்தான் செருப்பு வாங்கறவனை நான் அம்பது வருஷமாப் பார்த்துட்டேன். என் பசங்களை நான் சமாளிச்சுக்குவேன். ஆனா உங்க பொண்ணு விலகறேன்னு எழுதிட்டா எனக்கு வேற வழியில்ல, ரொஜேரியுவுக்குக் கையெழுத்துப் போட்டுடுவேன். ஈஸ்டருக்குள்ள எனக்குத் தெரியணும்."

ஆகவே இது என்னால் கெடவில்லை, கெட்டால் உன்னால்தான் கெடும். யாரிடமும் மன்னிப்புக் கேட்காதே, நானும் கேட்கப்போவதில்லை. உன்னை மருந்தாளர் ஆக்க நினைத்தேன், ஓட்டல் நல்ல குடும்பத்துப் பெண்ணுக்கு ஏற்ற இடமில்லை என்று சொன்னேன், அந்த மீனைச் சாப்பிட்ட பிறகு என் கருத்து இன்னும் உறுதியாகிவிட்டது. ஆனால் அந்த இடத்தை யாராவது நடத்தத்தான் வேண்டும் என்றால் அது நீயாக இருக்கட்டும். அம்மா தனியாக இருக்கிறாள் என்று பரிதாபப்பட்டு மட்டும் வராதே. வந்தாலும் ஞாயிறு மதியம் தவிர மற்ற நாள் என் வீட்டில் சாப்பாடு கிடையாது, எனக்கு என் நேரம் இருக்கிறது. முதல் நாள் அந்த வாசல் பூக்களை எடுத்துவிடு.

உன் அத்தைக்கு இடுப்பு வலி, வாய்க்கு ஒன்றுமில்லை. மொட்டை மாடி ஒழுகுவதை அடைத்தாகிவிட்டது. முடிக்குச் சாயம் பூசுவதை நிறுத்து, ஐம்பது வயதில் ஐம்பது வயதாகத் தெரிவது பாவமில்லை. வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி சாப்பிடுகிறாய் என்று எனக்குத் தெரியும், எப்படித் தெரியும் என்று கேட்காதே. ஆண்டவர் உன்னைக் காக்கட்டும், உன் அப்பா மேலிருந்து உனக்காகப் பேசட்டும், மாதா உனக்குக் கொஞ்சம் பொறுமையும் எனக்கு ஒரு நல்ல முழங்காலும் கொடுக்கட்டும்.

அந்த விலகல் கடிதத்தை அனுப்பிவிட்டாயா, இல்லையா? தொலைபேசியில் வேண்டாம், உன் கையால் எழுதி அனுப்பு.

உன் அம்மா,
லியோனில்தே